பிக்கிட்டப் என்றால் என்ன?

ஆங்கிலத்தின் ஃபிரேசல் வெர்ப்களில் (ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சின்னப் பின்சொல் சேர்ந்து ஒரே வினையாக நிற்பவை) என்னை அதிகம் திணறடித்தது பொருள் அல்ல, ஓசைதான். 'பிக் இட் அப்' என்று எழுதிக் காட்டினால் புரிந்துவிடும். அதையே ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னால் காதில் விழுவது 'பிக்கிட்டப்'. இதை எந்த அகராதியில் போய்த் தேடுவது?

அதனால் மனப்பாடப் பட்டியல்களை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காதைப் பழக்கினேன். எழுத்துவடிவத்தோடு வரும் உரையாடல் பதிவுகளில் ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, அதே வேகத்தில் திருப்பிச் சொல்வது. அப்படிச் சொல்லச் சொல்லத்தான் பிடிபட்டது: இது நாம் பள்ளியில் படித்த புணர்ச்சி! மெய்யில் முடியும் சொல்லோடு அடுத்த சொல்லின் உயிர் போய் ஒட்டிக்கொள்கிறது. உயிரும் உயிரும் சந்தித்தால் உடம்படுமெய்கூட வருகிறது. 'கோ ஆன்' கோவான் ஆகிறது. 'கேரி ஆன்' கேரியான் ஆகிறது. தேர்வுக்கு உருப்போட்ட இலக்கணம் இங்கே கைகொடுக்கும் என்று யார் கண்டது? ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும், ஆங்கிலத்தில் இரட்டிக்காது. 'கிவ் அப்' என்பது கிவப்தான், கிவ்வப் இல்லை. (பிக்கிட்டப் என்று நான் எழுதியது வல்லோசைக்காக மட்டும்.) அப்புறம், 'லுக்கு', 'டர்னு' என்று கடைசியில் உகரம் சேர்க்கும் நம் பழக்கத்தை விடவேண்டும். அது இருக்கும்வரை இந்தச் சேர்க்கை நடக்காது.

அடுத்தது அழுத்தம். 'டர்ன் ஆஃப்' என்பதில் ஆஃப்தான் ஓங்கி ஒலிக்கும். சின்னச் சொல்தானே என்று அதை விழுங்கினால் கேட்பவருக்குப் பாதிதான் போய்ச்சேரும். 'லுக் அட்', 'வெயிட் ஃபார்' போன்றவற்றில் நேர்மாறு: வினை ஓங்கும், பின்சொல் அமுங்கும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. செயப்படுபொருள் ஏற்கும் வினையில் பின்சொல் ஓங்கினால், 'இட்', 'தெம்' போன்றவை பெரும்பாலும் நடுவில் வரும். 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தவறு. வினை ஓங்கினால் பிரிக்க முடியாது: 'லுக் அட் இட்' மட்டும்தான். இலக்கண விதியாகப் படித்தபோது மறந்துபோனது, காது வழியாக வந்தபோது தங்கிவிட்டது. பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முன்னால் போய்விடும். வண்டி 'பிரேக் டவுன்' ஆகும்போது டவுனில் அழுத்தம். அந்தப் பழுதையே 'பிரேக்டவுன்' என்னும்போது பிரேக்கில்.

பொருளுக்கு வருகிறேன். 'கெட்' என்ற வினையின்கீழ் இருப்பதையெல்லாம் வரிசையாகப் படிப்பது வீண்வேலை என்பது என் கருத்து. பின்சொல்லைப் பிடித்துக்கொண்டு படித்தால் ஓரளவு ஒழுங்கு தெரிகிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இரண்டிலும் அப் செய்வது, 'தின்றுவிடு', 'தீர்த்துவிடு' என்பவற்றில் நம் 'விடு' செய்யும் வேலை. 'கோ ஆன்', 'கேரி ஆன்', 'கீப் ஆன்' மூன்றிலும் ஆன் தொடர்ச்சியைக் காட்டுகிறது.

எல்லாம் இப்படி மடங்கிவிடாது. 'கோ ஆஃப்' ஒன்றே போதும்: விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைகிறது, அலாரம் ஆனால் அடிக்கிறது, பால் ஆனால் கெட்டுப்போகிறது. இப்படிப்பட்டவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்வதில்லை. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்று முழு வாக்கியமாகவே சொல்லிப் பழகுகிறேன். 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆஃப்' என்ற மூன்று சொல் வகையில் நடுச்சொல்தான் ஓங்கும். இப்போது வாயில் உருட்டிக்கொண்டிருப்பது அவற்றைத்தான்.