டெல்லி குளிர்ல பியெரோகி: பனீர் வேண்டாம், புளிச்ச தயிர் போதும்

மொதல்ல பாலுக்கு உறை ஊத்தி நல்லா புளிக்க விடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

பியெரோகிங்கிறது உள்ள பூரணம் வெச்சு மடிச்சு தண்ணில வேகவைக்கிற போலந்து நாட்டுக் கொழுக்கட்டை. அதை எப்படி பண்றதுன்னு யாராவது கேட்டா மாவுல இருந்து ஆரம்பிச்சு சொல்றதுதான் வழக்கம், ஆனா சப்பாத்தி தேய்ச்சுப் பழகின கைக்கு அந்த மாவு ஒரு விஷயமே இல்ல, உள்ள வைக்கிற பூரணம்தான் எல்லாம், அதுலயும் குறிப்பா அந்த வெள்ளை சீஸ். போலந்துல அதை த்வாருக்னு சொல்றாங்க, அங்க எந்தக் கடைக்குப் போனாலும் கட்டி கட்டியா அடுக்கி வெச்சிருப்பாங்க, இங்க மயூர் விஹார் சுத்துவட்டாரத்துல நான் தேடின வரைக்கும் இல்ல. அதனால நம்மூர்ல இதைப் பண்றவங்க நிறைய பேர் பனீரை உதிர்த்துப் போட்டுடறாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. பனீர்ங்கிறது கொதிக்கிற பால்ல எலுமிச்சையோ வினிகரோ விட்டு திரிய வைக்கிறது, பாலோட இனிப்பு அதுல அப்படியே நிக்கும், கடிச்சா கீச்சு கீச்சுன்னு இருக்கும். த்வாருக் அப்படி இல்ல, பால் தானா புளிச்சு, அந்தப் புளிப்போட லேசான சூட்டுல பிரிஞ்சு வர்றது. உருளைக்கிழங்குக்கு தனியா பெரிய ருசி கிடையாது இல்லையா, அதைத் தூக்கி நிறுத்துறதே இந்தப் புளிப்புதான்.

இப்ப செய்முறை. 2 லிட்டர் ஃபுல் க்ரீம் பால் காய்ச்சி ஆறவெச்சு, தாராளமா உறை ஊத்துங்க. ஜனவரி மாசம் டெல்லில தயிர் உறையறது எவ்ளோ பெரிய பாடுன்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், அதனால பாத்திரத்தை பழைய ஷால்ல சுத்தி வைங்க, ராத்திரி முழுக்க போதாது, மறுநாள் சாயந்தரம் வரைக்கும் விட்டாலும் தப்பில்ல, வாயில வெச்சா இது புளிச்ச தயிருன்னு யாருக்கும் தெரியணும். அப்புறம் ஒரு பெரிய பாத்திரத்துல சுடுதண்ணி வெச்சு அதுக்குள்ள இந்தப் பாத்திரத்தை இறக்கி, அடுப்பை சிம்ல வெச்சு மெதுவா சூடு ஏத்துங்க. கிண்டவே கிண்டாதீங்க, கத்தியால தயிரை பெரிய பெரிய துண்டா கீறி விட்டா போதும். கொஞ்ச நேரத்துல ஓரமா மஞ்சளும் பச்சையுமா தெளிஞ்ச தண்ணி பிரியும், விரலை விட்டா நல்ல சூடு ஆனா பொறுக்குற சூடு, அவ்ளோதான் கணக்கு. கொதிச்சா அது பனீர் பக்கம் போயிடும், இறுகிப்போய் மணல் மணலா ஆகும். ஆறினதும் பழைய வேட்டித் துணில கட்டி குழாய்ல தொங்க விடுங்க, மூணு நாலு மணி நேரம் ஆனா ஏறக்குறைய 350 கிராம் கிடைக்கும். வடியற தண்ணியைக் கொட்டாதீங்க, சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்ல தண்ணி இல்ல.

என் பொண்ணு படிக்கிறது போலந்துல, வ்ரோட்ஸ்வாஃப் யூனிவர்சிட்டில. அங்க மில்க் பார்னு மலிவு சாப்பாட்டுக் கடைங்க இருக்கு, கம்யூனிஸ்ட் ஆட்சி காலத்துல ஊர் ஊருக்கு இருந்தது, இப்ப எண்ணிக்கை குறைஞ்சாலும் அரசாங்க மானியத்துல இன்னும் ஓடுது, ஸ்டூடன்ட்ஸும் வயசானவங்களும்தான் அதிகம் வருவாங்களாம். வெஜிடேரியன் பொண்ணு வெளிநாட்டுல என்ன சாப்பிடுவாளோன்னு நான் இங்க தவிச்சுக்கிட்டு இருந்தப்போ அவ அந்தக் கடைல ஒரு தட்டு உருளைக்கிழங்கு பியெரோகி வாங்கி சாப்பிட்டுட்டு சந்தோஷமா போட்டோ அனுப்பிக்கிட்டு இருந்தா.

உருளைக்கிழங்கு, த்வாருக், வதக்கின வெங்காயம் வெச்ச இந்த வகை போலந்து முழுக்க இருந்த பழைய சாப்பாடு இல்லங்கிறது எனக்கு அவ சொல்லித்தான் தெரியும். இது கலிசியா பக்கத்து சாப்பாடு, அதாவது இன்னைக்கு போலந்தோட தென்கிழக்கும் உக்ரைனோட மேற்கும் சேர்ற இடம். 1945ல எல்லைக் கோட்டை மாத்திப் போட்டப்போ லிவிவ் நகரம் சோவியத் பக்கம் போயிடுச்சு, அதுவரைக்கும் ஜெர்மன் ஊரா ப்ரெஸ்லாவ்னு இருந்தது போலந்துக்கு வந்து வ்ரோட்ஸ்வாஃப் ஆச்சு, கிழக்குல வீடு வாசலை விட்டுட்டு ரயில் ஏறின போலந்துக்காரங்க நிறைய பேர் இந்த மேற்குப் பக்கத்து ஊர்கள்லதான் வந்து இறங்கினாங்க, அவங்க கையோட வந்ததுதான் இந்த பியெரோகி. இதோட வழக்கமான பேரு பியெரோகி ருஸ்கியே, காதுல விழுந்தா ரஷ்யான்னு தோணும், அதனால 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் அங்க பல கடைங்க மெனு கார்டுல இதுக்கு உக்ரைன் பியெரோகின்னு பேரை மாத்தி எழுதிட்டாங்க. ஊரை விட்டு வந்தவங்களுக்கு மிச்சமா இருக்குறது சமையல்தான்னு டெல்லில முப்பது நாப்பது வருஷமா இருக்குற தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் தனியா சொல்ல வேண்டியதில்ல, அதனாலதான் இதை அலட்சியமா பண்ணக்கூடாதுன்னு எனக்குத் தோணுது.

சரி, உருளைக்கிழங்கு. சப்ஜிவாலா கிட்ட நயா ஆலு வாங்காதீங்க, குளிர்காலத்துல வர்ற அந்தப் புதுக்கிழங்கு பொரியலுக்கு அருமை, இதுக்கு ஆகாது, ஈரம் அதிகம், மசிச்சா கொழகொழன்னு ஆகும். பழைய கிழங்கு, தோல் கொஞ்சம் தடிமனா இருக்கும் பாருங்க, அதைக் கேட்டு வாங்குங்க. 500 கிராம் தோலோட வேகவெச்சு, உரிச்சு, சூடு இருக்குறப்பவே மசிச்சிடணும், மிக்ஸில போட்டா பசையா ஆகிடும், கையாலயோ மத்தாலயோதான். முழுசா ஆறினதுக்கு அப்புறம் 250 கிராம் த்வாருக்கை உதிர்த்து சேருங்க. வெங்காயம் பெருசா நாலு எடுத்துப் பொடியா நறுக்கி, வெண்ணெய் தாராளமா போட்டு, சின்ன தீயில அரை மணி நேரம் வரைக்கும் வதக்கணும், அவசரப்பட்டா கருகும், பொறுமையா விட்டா தேன் கலர்ல இனிப்பா வரும். அதுல பாதி பூரணத்துக்கு, பாதி மேல போட. உப்பு, அப்புறம் மிளகு, அப்பவே பொடிச்சது, ஒரு டீஸ்பூன் குறையாம.

அவ்ளோதான், வேற எதுவும் கிடையாது. இதுக்குத்தான் எங்க வீட்டுல பெரிய பஞ்சாயத்தே நடந்தது. அத்தை பக்கத்துல நின்னு பாத்துட்டு, "ஏம்மா, ஒரு பச்சை மிளகாயாவது கிள்ளிப் போடேன், கொஞ்சம் சீரகம், கொத்தமல்லி"ன்னாங்க, அதுக்கு லீவுக்கு வந்திருந்த என் பொண்ணு, "பாட்டி, இதெல்லாம் போட்டா அது ஆலு பராத்தா பூரணம் ஆயிடும், நாளைக்குக் காலைல அப்பா ஊறுகாய் கேப்பாரு"ன்னா. அவ சொன்னது சரிதான். புளிப்பு, வெங்காயத்தோட இனிப்பு, மிளகோட காரம், இந்த மூணும் தனித்தனியா நாக்குல தெரியணும், மசாலா விழுந்தா மூணும் காணாம போயிடும். மிளகு நம்ம சரக்குங்கிறதையும் மறக்காதீங்க. 1682ல கிராகூஃப்ல செர்னியெத்ஸ்கிங்கிற பெரிய இடத்து சமையல்காரர் எழுதின சமையல் புத்தகம் அச்சாச்சு, அந்தக் காலத்து பிரபுக்கள் வீட்டு சாப்பாட்டுல மிளகு, இஞ்சி, ஜாதிக்காய், குங்குமப்பூன்னு வாரி இறைச்சிருக்காங்க, மலையாளக் கரைல இருந்து கப்பலேறின மிளகு அவ்ளோ தூரம் போய் அங்க ஒரு சாதாரண பூரணத்துல நிலைச்சு நின்னுடுச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்குல்ல?

மாவுக்கு 500 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, மூணு டேபிள்ஸ்பூன் எண்ணெய் இல்லன்னா உருக்கின வெண்ணெய், 250 மில்லி கொதிச்சு இறக்கின தண்ணி. தண்ணி சூடா இருக்கணும்கிறது முக்கியம், அந்தச் சூட்டுல மாவு பாதி வெந்து தண்ணியை இழுத்துப் பிடிச்சுக்கும், மைதாவோட அந்த இழுவை அடங்கிடும், தேய்க்கிறப்போ சுருங்கி சுருங்கி உள்ள வராது, வெந்ததுக்கு அப்புறமும் மெத்துனு இருக்கும். மொதல்ல கரண்டிக் காம்பால கிளறிட்டு கை பொறுக்குற சூடு வந்ததும் பிசைங்க, மைதாவுக்கு மைதா தண்ணி மாறும், பாத்துப் பாத்து ஊத்துங்க. முட்டை போடுற வீடுங்களும் அங்க உண்டு, போட்டா மாவு கொஞ்சம் கெட்டியாகும், போடாததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு பாத்திரத்தைக் கவுத்து அரை மணி நேரம் மூடி வைங்க.

தேய்க்கிறது 2 மில்லிமீட்டர் கனம், சப்பாத்தியை விட சன்னமா இருந்தா கிழியும், தடியா இருந்தா மாவுதான் வாயில நிக்கும். டம்ளரைக் கவுத்து வட்டம் வெட்டி, நடுவுல ஒரு டீஸ்பூன் பூரணம், மடிச்சு ஓரத்தை அழுத்தணும். இந்த இடத்துல அத்தை எங்க ரெண்டு பேரையும் நகரச் சொல்லிட்டாங்க. தீபாவளிக்கு சோமாசி ஓரம் முறுக்கி முறுக்கி மடிச்ச கை அது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானா ஓடுது, ஒண்ணு கூட தண்ணில பிரியல. போலந்துலயும் வயசான பாட்டிங்க அதே மாதிரிதான் ஓரத்துல கொசுவம் வெச்சு மடிப்பாங்களாம், பொண்ணு வீடியோ எடுத்து அவ ஃப்ரெண்டோட பாட்டிக்கு அனுப்பினா, அந்தப் பாட்டி திரும்பத் திரும்ப பாத்தாங்கன்னு மெசேஜ் வந்தது. ஓரத்துல பூரணம் துளி கூட ஒட்டக்கூடாது, வெண்ணெய் இருக்குறதால அந்த இடம் ஒட்டவே ஒட்டாது, உள்ள காத்தும் இருக்கக்கூடாது. மடிச்சதை மாவு தூவின துணில தள்ளித் தள்ளி வைங்க, மேல ஒரு துணி மூடுங்க, ஹீட்டர் போட்டிருக்குற ரூம்ல சீக்கிரம் காஞ்சுடும்.

எதிர் ஃபிளாட்ல இருந்து ஆன்ட்டி எட்டிப் பாத்துட்டு "மோமோவா?"ன்னு கேட்டாங்க. தெருவுக்குத் தெரு மோமோ வண்டி நிக்கிற ஊர்ல அப்படிக் கேக்கத்தான் செய்வாங்க. ஆனா மோமோ ஆவில வேகறது, இது உப்பு போட்டு தளதளன்னு கொதிக்கிற தண்ணில வேகறது. அகலமான பாத்திரம், நிறைய தண்ணி, ஒரு தடவைக்கு பத்து பன்னெண்டுக்கு மேல வேண்டாம், போட்டதும் கரண்டிக் காம்பால அடியில ஒரு தடவை மெதுவா நகர்த்தி விடுங்க. மேல மிதந்து வந்ததும் ரெண்டு மூணு நிமிஷம், கண் கரண்டில அள்ளி உருக்கின வெண்ணெய்ல புரட்டிடுங்க, இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மேல மிச்ச வெங்காயம். அங்க பன்னிக் கொழுப்பை மொறுமொறுன்னு வறுத்தும் போடுவாங்க, வெங்காயமும் வெண்ணெயும் மட்டும் போடுறதும் அங்க சாதாரணமா நடக்குறதுதான். கூட புளிப்பு க்ரீம் வேணும்னா ஃப்ரெஷ் க்ரீம்ல ஒரு ஸ்பூன் தயிர் விட்டு, புளிக்கிற வரைக்கும் ஃப்ரிட்ஜுக்கு வெளிய கதகதப்பா வைங்க. சிவப்புச் சட்னி மட்டும் பக்கத்துல வைக்காதீங்க.

இன்னொரு வகை முட்டைகோஸும் காளானும். டிசம்பர் 24 ராத்திரிக்கு அங்க விகிலியான்னு பேரு, வானத்துல முதல் நட்சத்திரம் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் சாப்பாடு, கறி கிடையாது, மேஜை விரிப்புக்கு அடியில கொஞ்சம் வைக்கோல் வைப்பாங்க, பன்னெண்டு வகை பண்றது வழக்கம், எதிர்பாராம யாராவது வந்தா உட்காரட்டும்னு ஒரு தட்டு எப்பவும் அதிகமா போட்டு வெச்சிருப்பாங்க. அந்தத் தட்டைப் பத்தி கேட்டதுல இருந்து அத்தைக்கு போலந்து மேல தனி மரியாதை. அன்னைக்கு உருளைக்கிழங்கை விட இந்த முட்டைகோஸ் பியெரோகிக்குத்தான் மவுசு. சன்னமா சீவின முட்டைகோஸ் 1 கிலோவுக்கு 20 கிராம் உப்பு, தண்ணி விடற வரைக்கும் கசக்கி, பாட்டில்ல அமுக்கி, அந்தத் தண்ணிக்குள்ளயே முங்கி இருக்குற மாதிரி வெச்சா தானா புளிக்கும், டெல்லி குளிர்ல ரெண்டு வாரமாவது ஆகும். காளான்தான் சிக்கல், அவங்க இலையுதிர் காலத்துல குடும்பத்தோட காட்டுக்குப் போய்ப் பறிச்சு நூல்ல கோத்து காய வெக்கிறாங்க, அந்தக் காட்டு வாசனை நம்ம பட்டன் காளான்ல வராது. காஷ்மீர்ல குச்சின்னு சொல்ற காட்டுக் காளான் (மோரெல்) விலை கேட்டா தலை சுத்தும். ஐஎன்ஏ மார்க்கெட்ல காஞ்ச ஷிடாக்கே கிடைக்குது, வாசனை வேற ரகம்னாலும் ஊறவெச்ச தண்ணியையும் சேத்து கோஸோட சுண்ட வதக்கினா ரொம்ப நல்லாவே இருக்கு.

ஒரு நாள் உக்காந்து பண்றதுன்னா நிறையவே பண்ணுங்க. பச்சையா தட்டுல தள்ளித் தள்ளி வெச்சு ஃப்ரீசர்ல இறுக விட்டு, அப்புறம் கவர்ல போட்டுக்கலாம், வேணும்கிறப்போ ஐஸ் விட வைக்காம நேரா கொதிக்கிற தண்ணில போடுங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகும். வெந்தது மிஞ்சினா மறுநாள் தோசைக்கல்லுல வெண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும் செவக்க விடுங்க. எங்க வீட்டுல அதுக்குன்னே ராத்திரி பத்து பதினஞ்சு எடுத்து ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு.