இடைக்காட்டூரில் ஒரு முதல் வெள்ளி

தம்பி மகள் டெங்குவில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவருக்கு மாத முதல் வெள்ளிப் பூசையில் மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டார். ஆண்டவர் கைவிடவில்லை.

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழி, 36 கிலோமீட்டர். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஒரு காலேஜ் பையன் எழுந்து அம்மாவை உட்காரவைத்தான், நல்லா இருக்கணும் அந்தப் பிள்ளை. கோயில் வாசலில் மெழுகுதிரி விற்பவர்கள் லேசில் விடுவதில்லை. விலையைக் கேட்டு முகம் சுளித்தால், "நேர்ச்சைத் திரிக்குமா பேரம் பேசுவீங்க?" என்று நம் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பிரான்ஸ் நாட்டு ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் செல் என்ற குருவானவர் 1894-இல் கட்டிய கோயில். அண்ணாந்து பார்க்கக்கூடக் கூட்டம் விடவில்லை.

பூசை தொடங்கிய பிறகு கோயிலுக்கு நன்கொடை தரும் ஒரு உபகாரி குடும்பத்தோடு வந்தார். முன்வரிசையில் இருந்த இரண்டு பாட்டிகளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்கள். காணிக்கைப் பவனியில் அவர் தட்டு ஏந்திப் போனதைப் படம் பிடிக்கவே ஓர் ஆள். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கியபோதும் படம். வெளியே வந்ததும், கார் எடுக்கத் தாமதமானதற்கு டிரைவரைத் திட்டினார் பாருங்கள், எழுதக் கை கூசுகிறது. நாக்கில் நற்கருணை கரைந்திருக்குமோ என்னவோ. லூக்கா நற்செய்தி 18-இல் தன் பெருமையையே ஜெபமாகச் சொல்கிற பரிசேயனுக்குக் கேமரா கிடையாது, அவ்வளவுதான்.

எழுப்பிவிடப்பட்ட பாட்டிகளில் ஒருவர் தூணோரம் எங்களருகே முழங்காலிட்டிருந்தார். சேலையில் முட்டிக்கு மேல்வரை செம்மண். பூசை முடிந்தும் எழவில்லை. ஆண்டவர் சிலையைப் பார்த்து வாய்விட்டே பேசினார்: "மருமக என்னைய நாக்கப் புடுங்குற மாதிரி பேசுறா அப்பா. அவ வாயை அடக்குன்னு கேக்க வரல. அவளுக்கு இது ஏழாம் மாசம். தாயும் பிள்ளையும் ரெண்டு உசுரா பிரியணும். எனக்குன்னு ஒண்ணும் வேணாம்."

ஏசியவளுக்காகவே இப்படி ஒரு மன்றாட்டு! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை மறையுரை கேட்டிருப்பேன்.

அம்மா தன் திரிகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்க மருமகளுக்கு ஏத்துங்க." பாட்டி வாங்கிக்கொண்டு, "உங்க பேத்தி பேரு என்னத்தா? அவளுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்" என்றார்.

திரு இருதய ஆண்டவரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளையைத் திருப்பித் தந்தீர். அந்த மருமகளுக்குச் சுகப்பிரசவம் கொடும். அந்த டிரைவரையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும், அவருக்கும் மாதாமாதம் முதல் வெள்ளி வருகிறது.