அது சுசீலா இல்லட்டி

ஜனவரி 3, 2025, வெள்ளி

நாளைக் காலை ஏழரைக்கு அத்தைக்குத் தைராய்டுக் கட்டி ஆபரேஷன். ராத்திரி பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது.

கையெழுத்துப் போடச் சொல்லி நாலு பக்கம் கொடுத்தார்கள். நானாக இருந்தால் படிக்காமலே போட்டிருப்பேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படிச்சாங்க. ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. 'குரலில் மாற்றம் ஏற்படலாம்.'

"இது என்னது டாக்டர்?"

"தைராய்டை ஒட்டித்தான் குரல் நரம்பு போகுதும்மா. ரொம்ப அபூர்வம். ஏன், பாடுவீங்களா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

பதினாறு வருஷமாக விடியற்காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பிவிடுவது எது என்று எனக்கல்லவா தெரியும். அதை எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன் என்பதும்.

ஜனவரி 4

ஒன்றரை மணி நேரம் என்றார்கள். மூன்றே முக்கால் ஆனது.

ஜனவரி 5

அத்தை கண்ணைத் திறந்து ஏதோ கேட்டாங்க. காற்றுதான் வந்தது. தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் அப்படி இருக்கும், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னார். கழுத்தோரம் ரத்தநீர் வடிகிற சின்ன டப்பா தொங்குகிறது. அதைப் பார்க்காமல் கஞ்சி கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

ஜனவரி 6

மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். திரையில் எனக்கும் காட்டினார்கள். குரல்நாண்களாம், ரெண்டு வெள்ளைக் கதவு மாதிரி. மூச்சு விடும்போது வலது கதவு திறக்கிறது, இடது பக்கம் அசையவே இல்லை. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது என்றார் டாக்டர். ஆறு வாரத்திலும் எழும், ஆறு மாதமும் ஆகலாம். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பத்து நாள்.

ரெண்டு காத்திருப்பில் எதை முதலில் கவலைப்படுவது? ஒரு நியாயமான மனுஷி கட்டியைத்தான் நினைப்பாள். நான் அந்தக் கதவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 8

வீடு வந்தாச்சு. காலையில் பால்காரரிடம் அத்தை "நாளைக்கு அரை லிட்டர்" என்றாங்க. கரகரவென்று, பாதி சத்தம், பாதி காற்று. அவர் "என்ன ஆச்சி, சளி புடிச்சிருக்கா?" என்று சிரித்தார். அவ்வளவுதான். உள்ளே வந்து சின்னவனின் பழைய சிலேட்டைத் தேடி எடுத்துக்கொண்டாங்க. பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லவே இல்லை. இவங்களாகப் போட்டுக்கொண்ட பூட்டு.

சிலேட்டில் முதலில் வந்தது: 'ரசத்துல உப்பு இல்ல.'

ரெண்டாவது, மதியம். எஃப்எம்மில் 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' ஓடியது. நான் சும்மா இருந்திருக்கலாம். "சுசீலாவுக்குக் குரல் எப்படி இருக்கு பாருங்க அத்தை" என்று வாயை விட்டேன். சாக்பீஸ் கிறீச்சிட்டது.

'அது சுசீலா இல்லட்டி. வாணி ஜெயராம். தீர்க்க சுமங்கலி படம். 1974.'

ஜனவரி 9, ராத்திரி

பாடகர் ஜெயச்சந்திரன் போய்விட்டார். திருச்சூரில், எண்பது வயசு. செய்தியில் வந்ததும் அத்தை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பூஜை அறைக்குப் போனாங்க.

ஜனவரி 10

வைகுண்ட ஏகாதசி. அத்தையால் கோயிலுக்குப் போக முடியவில்லை, கழுத்துத் தையல். நாள் முழுக்க ஜெயச்சந்திரன்.

எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் எண்பதுகளுக்கு அப்புறம்தான். அத்தைக்கு அவர் 1973இல் 'மணிப்பயல்' படத்தில் 'தங்கச்சிமிழ் போல் இதழோ' என்று நுழைந்தவர். சிலேட்டு நிறைய எழுதி, அழித்து, மறுபடி எழுதினாங்க. 1958இல் கேரளத்துப் பள்ளிக்கூடக் கலைவிழாவில் ஒரு பையன் பாட்டில் முதலாவது, இன்னொரு பையன் மிருதங்கத்தில் முதலாவது. பாடினது யேசுதாஸ், வாசித்தது இவர். ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் போட்டோ இருக்கிறது என்று எழுதினாங்க. போனில் தேடினேன், இருந்தது. ரெண்டும் வற்றலாக, மீசை முளைக்காத பையன்கள்.

அப்புறம் 'வசந்த கால நதிகளிலே'. 1976, மூன்று முடிச்சு. ஒரு அடி முடிகிற சொல்லில் அடுத்த அடியைத் தொடங்கி அந்தாதியாகக் கண்ணதாசன் எழுதினது. படகில் கமலுக்கு ஜெயச்சந்திரன், ஸ்ரீதேவிக்கு வாணி ஜெயராம். கமல் தண்ணீரில் விழுந்த பிறகு துடுப்பைப் போட்டுக்கொண்டு பேசாமலிருக்கிற ரஜினி வாயைத் திறக்கிறபோது வருவது எம்.எஸ்.விஸ்வநாதனின் குரல். மூன்று பேர் பாடினது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஜெயச்சந்திரனே ரஜினிக்கும் பாடியிருந்தால் அந்தப் பாட்டில் பயம் இருந்திருக்காது. மெத்தென்ற குரலுக்குப் பிறகு எம்.எஸ்.வி.யின் கரடுமுரடு வந்து இறங்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. இதை அத்தையிடம் சொன்னேன். முதல் தடவையாகத் தலையை ஆட்டினாங்க.

பிறகு எழுதினாங்க: 'மோசமான குரலும் வேணும்.' உடனே அழிச்சிட்டாங்க.

ஜனவரி 12

விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். கால்சியம் குறைந்திருக்கிறது. மாத்திரை மூன்று வேளையாக்கியாச்சு.

ஜனவரி 13

போகி. பழைய தகரப்பெட்டியைக் கழிக்கலாம் என்று நான் இழுத்ததும் அத்தை வந்து அதன்மேலேயே உட்கார்ந்துட்டாங்க. உள்ளே தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். சாணித்தாளில், மடித்த ஓரம் உதிர்கிறது. கதைச் சுருக்கம் போட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.' ஒவ்வொரு பாட்டுப் பக்கத்திலும் பென்சிலில் பாடினவர் பெயர் எழுதியிருக்கு. சிலதில் அடித்துத் திருத்தம்.

ஜனவரி 14

பொங்கல். பரிசோதனைக்கூடம் பொங்கல் லீவு முடிந்துதான் திறக்குமாம். தெருமுக்குக் கோயில் மைக்செட்டில் எல்.ஆர்.ஈஸ்வரி மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். 'அடி என்னடி உலகம்' என்று நடிகை படாபட் ஜெயலட்சுமிக்குப் பாடினதும் இதே தொண்டைதான். அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவை அணைப்பார்களாம். சாமி வர மட்டும் அவரேதான் வேணும்.

ஜனவரி 15

ஒன்றுமில்லை. கரும்பு கடிக்க முடியவில்லை என்று அத்தைக்குக் கோபம்.

ஜனவரி 17

தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று இன்றைக்குத்தான் கேட்டேன். ஒரே சொல் எழுதினாங்க: 'சிலோன்.'

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவங்க. அங்கே இலங்கை வானொலிதான் உள்ளூர் வானொலியாம், அவ்வளவு தெளிவாக எடுக்குமாம். காலையில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி. அறிவிப்பாளர்களில் கே.எஸ்.ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானம், அப்துல் ஹமீதின் உச்சரிப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் தொடங்கின பாட்டு பத்து வீடு தள்ளி முடியுமாம். அதைவிட முக்கியம், பாட்டு போட்டால் பெயர் சொல்வார்கள். படம், பாடினவர், எழுதினவர், இசையமைத்தவர். நாளுக்கு நாலு தடவை கேட்டால் யாருக்குத்தான் பதியாது. இப்போதைய எஃப்எம்மில் பாட்டுக்கு முன்னால் ஒரு சிரிப்பு, பின்னால் ஒரு விளம்பரம், பெயர் கிடையாது. பெயர் தெரியாத குரல் அநாதைக் குரல் என்கிற மாதிரி அத்தைக்கு ஒரு ஆத்திரம்.

'கடவுள் அமைத்து வைத்த மேடை யாரு?' என்று எனக்குப் பரீட்சை. எஸ்.பி.பி. என்றேன், இதுகூடத் தெரியாதா என்ற தெம்பில். பாதி மார்க். பாட்டு பாலு. அதற்குள் வரும் கிளி, குரங்கு, மற்ற சத்தமெல்லாம் சதன். அவர் இல்லாவிட்டால் அது கல்யாணப் பாட்டு, அவ்வளவுதான் என்று எழுதி, சதன் பெயருக்குக் கீழே ரெண்டு கோடு போட்டாங்க.

இந்த வீட்டில் தினமும் ஐந்தரைக்குக் கேட்ட குரலுக்கு நான் என்ன பெயர் வைத்திருந்தேன்? இரைச்சல். என் வீட்டுக்காரரிடம் போனில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. மிக்ஸி சத்தம்கூட இல்லாமல் வீடு கிடக்கிறது. படுத்தபடி இடது கதவை நினைக்கிறேன்.

ஜனவரி 18

தோஹாவிலிருந்து இவர். அம்மாவிடம் கொடு, கொடு என்று. அத்தை போனை வாங்க மாட்டேன் என்று கையை உதறினாங்க. வீடியோவில் சிலேட்டைக் காட்டினாங்க, அது அவருக்குச் சரியாகத் தெரியவில்லையாம். கடைசியில் எரிச்சல் என்மேல். "நீ பேச வைக்கணும்ல." நானும் கத்தினேன். இங்கே கத்த முடிந்தவள் நான் ஒருத்திதான்.

ஜனவரி 21

ரிப்போர்ட். கெட்ட கட்டி இல்லை.

ஜனவரி 22

பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தேன். அத்தை சிரிச்சாங்க, சத்தமில்லாமல். நான் இன்னும் பயந்துகொண்டே இருக்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் உனக்கென்ன பைத்தியமா என்பார்கள்.

ஜனவரி 24

தொண்டைதான் நினைப்பு. பாடகர்களைப் பற்றிப் படித்தாலும் அவர்களின் தொண்டையைத்தான் தேடுகிறேன். 1977, '16 வயதினிலே' பாட்டுப் பதிவு. பாலுவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் மலேசியா வாசுதேவனைக் கூப்பிட்டார்கள். 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு'. இளையராஜா அண்ணன் தம்பிகளின் 'பாவலர் சகோதரர்கள்' குழுவோடு மேடையில் பாடிக்கொண்டிருந்த மனிதருக்கு வழி திறந்தது. ஒருத்தர் தொண்டை அடைத்ததில் இன்னொருத்தருக்குக் கதவு. அதே படத்தில்தான் 'செந்தூரப்பூவே', ஜானகிக்குத் தேசிய விருது.

அதற்கு முன், 'ஆயிரம் நிலவே வா'வுக்கு பாலு டைபாய்டில் படுத்தபோது எம்.ஜி.ஆர். காத்திருந்தார். காத்திருந்தால் ஒரு கதை, காத்திராவிட்டால் ஒரு கதை.

பாடகி ஜென்சியைப் பற்றியும் அத்தை எழுதினாங்க. 'என்னுயிர் நீதானே', 'இரு பறவைகள் மலை முழுவதும்'. நாலைந்து வருஷம்தான். பிறகு பாடுவதை விட்டுவிட்டுக் கேரளத்தில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். 'அவளுக்குத் தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு' என்பது அத்தையின் கடைசி வரி. அழிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் நாள் முழுக்க அது இருந்தது.

ஜனவரி 28

குரல் பயிற்சிக்கு இன்று முதல் நாள். டம்ளரில் தண்ணீர், அதில் ஸ்ட்ரா, 'ஊ' என்று சத்தம் கொடுத்துக்கொண்டே கொப்பளம் விட வேண்டும். சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தை அவன் தலையில் சிலேட்டால் ஒரு தட்டு.

ஜனவரி 31

ரகசியமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காதில் ஹெட்போன், பாட்டைப் போட்டு யார் என்று நானே சொல்லிப் பிறகு பார்ப்பது. இருபதில் பன்னிரண்டு. ஜானகி என்று நினைப்பது ஜானகியாக இருக்கிறது, சுசீலா என்று நினைப்பதுதான் வாணியாகிவிடுகிறது. அத்தையிடம் கேட்டதற்கு வந்த விளக்கம்: 'சுசீலா காய்ச்சின பால். ஜானகி பாடினா அந்தப் பொண்ணுதான் தெரியும், ஜானகி தெரியாது. வாணி இட்லித் தட்டு. ஒரு எழுத்து மேல ஒரு எழுத்து ஒட்டாது.'

இட்லித் தட்டை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பதினைந்து.

பிப்ரவரி 4

விடிந்ததும் சிலேட்டில் தேதி மட்டும். எனக்குப் புரியவில்லை. வாணி ஜெயராம் இறந்து இன்றோடு ரெண்டு வருஷம்.

வேலூர்ப் பெண். பேர் கலைவாணி. ஸ்டேட் பேங்கில் வேலை பார்த்தவர், 1971இல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடி வடக்கே பேர் வாங்கி, அதற்கப்புறம்தான் நம் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாட்டுக்குத் தேசிய விருது. அத்தை போனை வாங்கி அதையே மூன்று தடவை கேட்டாங்க. நாலாவது தடவை போடச் சொல்லவில்லை.

மத்தியானம் அடுக்களையில் கொப்பளச் சத்தம். வழக்கமாக ஒரே மாதிரி போகும். இன்று ஏறி இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. தண்ணீருக்குள் ஒரு பாட்டு இருந்தது. எது என்று பிடிபடவில்லை. கேட்கவும் தைரியமில்லை. மோர் தாளிக்க வேண்டியது, தாளிக்காமலே நின்றேன்.

பிப்ரவரி 7

கொப்பளம். அதே ஏற்ற இறக்கம். மேலே போகிற இடத்தில் உடைகிறது, உடனே விட்டுவிடுறாங்க.

பிப்ரவரி 9

இவர் போன் பண்ணினார். அத்தை "ம்" என்றாங்க. அவர் அழுதுவிட்டார். இவங்க ஒரு "ம்"முக்கு இவ்வளவா என்று என்னைப் பார்த்தாங்க.

பிப்ரவரி 12, புதன்

மறுபடி கேமரா. டோக்கன் 41. இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிலேட்டை எடுத்துவரவில்லை. மறதியா, வேண்டுமென்றேவா, கேட்கவில்லை.

எதிரே டிவி, சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறார்கள். 'மீனவ நண்பன்' படத்துப் பாட்டு ஓடுகிறது. கடல், லதா, எம்.ஜி.ஆர். 'பொங்கும் கடலோசை'. வாயசைப்பு மட்டும். சத்தமில்லாமல் யாருடைய குரல் என்று எப்படிச் சொல்வது? சும்மா இருக்க மாட்டாமல், "சுசீலாதானே அத்தை?"

அத்தை என் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் 'வா' என்று எழுதினாங்க. கூப்பிட்டுவிட்டார்கள் போல என்று செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். பலகையில் 29தான் ஓடுகிறது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி உட்காரவைத்து, 'ணி'யையும் எழுதினாங்க.

30.