புதுப் பெயிண்ட் அடித்த வீடு

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் வாஸ்து பார்ப்பவரைக் கூட்டிப் போவார்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வீட்டம்மா முணுமுணுத்தால்தான் என்னைப் போன்ற இன்ஜினீயருக்கு போன் வரும். வங்கிக் கடனுக்கு மதிப்புப் போடுவது என் பிழைப்பு. வீட்டில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வது அதோடு ஒட்டிக்கொண்ட சோலி. பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. அழுக்குச் சுவரைக் கண்டால் நிம்மதியாக இருக்கும். போன மாதம் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் சுத்தியலை எடுத்துவிடுவேன்.

டவுன் சந்துகளில் இன்னும் மெட்ராஸ் ஒட்டு வீடுகள் நிற்கின்றன. தேக்கு உத்திரம், குறுக்குச் சட்டம், அதன் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கடைசியில் தட்டோடு. உத்திரத்தின் நடுப்பகுதியை எல்லோரும் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் பார்ப்பது சுவருக்குள் நுழைகிற நுனியை. ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவர் முனையை அங்கே அழுத்துவேன். நல்ல மரத்தில் இரும்பு வழுக்கும். கெட்ட மரத்தில், ஊறிய ரஸ்க்குக்குள் இறங்குவது போல இறங்கும். அப்படி இறங்கினால் வெளிப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி மர நுனியை மக்க வைக்கிறது, கறையானுக்கும் தோதாகிறது. மழையில் காரை கரைகிறதே என்று நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், 1000 லிட்டர் தொட்டியும் ஏற்றியிருந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அது எந்த உத்திரத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று கீழே வந்து அண்ணாந்து பார்ப்பேன்.

பட்டாசலில், அதாவது கூடத்தில், பச்சையும் மஞ்சளுமாக எனாமல் அடித்த பழைய ஜன்னல்களிலும் நல்ல எண்ணத்தில் செய்கிற வேலைதான் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது 2016-இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வேன். உரியாமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. புதுமனை புகுவதற்கு முந்தின வாரம் ஆள் விட்டு, காய்ந்த உப்புத்தாளால் பரபரவென்று தேய்ப்பார்களே, அந்தத் தூசிதான் விஷம். தரையில் தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்பேன். இரண்டாவதை உடனே கேட்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு வேறொரு வேலை கூடிவிட்டது. ஜங்ஷன், குறுக்குத்துறைப் பக்கம் விலைக்கு வரும் வீடுகளில் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருக்காது, பெயிண்ட் மறைத்துவிடும். சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே மூலையில் வண்டல் காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டால் மெயின் பெட்டிக்கும் எர்த் குழிக்கும் போவேன். எர்த் கம்பி பல வீடுகளில் பேருக்குத்தான் தொங்குகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்தும் டிரிப்பரை மாட்டச் சொன்னால், "அது அடிக்கடி விழுது சார்" என்று கழற்றி வைத்ததை எடுத்துக் காட்டுகிறார்கள். அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது. கழற்ற வேண்டியது டிரிப்பரை இல்லை.

மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசல் மண் கதை தனி. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பை அங்கே பட்டி வைத்து மூடினால் அடுத்த கோடையில் திரும்ப வாய் திறக்கும். அடுக்களையில் ஒன்றே ஒன்று பார்ப்பேன்: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். மேலே வெண்டிலேட்டர் மட்டும் வைத்திருந்தால் போதாது.

புறவாசலில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் இல்லாத வீடு அபூர்வம். அதிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் நார், சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும்வரை அதிகம் வெளியே வராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும். பல வருஷம் கழித்து நுரையீரலில் காட்டும். வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டில் கொத்தனார் கடப்பாரையோடு நின்றார்.

"நனைச்சுட்டு, நட்டைக் கழத்தி முழுசா இறக்குங்க அண்ணாச்சி" என்றேன்.

"உடைச்சா அரை நாள் சோலி. கழத்துனா ரெண்டு நாளாவும், ஆள் கூலி யாரு தருவா?"

வாங்கப் போகிறவர் இருவரையும் பார்த்தார். "அப்பம் அது அங்கனயே கிடக்கட்டும்."

அதுவும் சரிதான். சீட்டில் கீறல் இல்லை. சுரண்டாமல் மேலே ஒரு பூச்சு அடித்துவிடச் சொன்னேன். ஏணியில் நின்றே அடிக்க வேண்டும், சீட் மேல் ஏறினால் ஆளைத் தாங்காது.