சாக்கில் ஆறு நாள், பெட்டியில் ஆறு நாள்: ஒலிவங்காயை வைத்துப் பார்த்தது

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவுக்கு மேலே, மொன்ரியாலே ஊர்ப் பக்கத்துச் சரிவில் பதினொரு ஒலிவ மரங்களை மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் நொச்செல்லாரா, சதைப்பிடிப்பான பெரிய காய். போன வருட எண்ணெய் கெட்டுப்போன கவலையில்தான் இந்த வருடம் இதைச் செய்து பார்த்தேன்.

போன வருடம் நடந்தது இதுதான். வேலை முடிந்து வந்து தனியாகப் பறித்ததால் காய் சேரச் சேரச் சாக்கில் கட்டி வைத்தேன், 150 கிலோ சேர்ந்தால்தான் ஆலையில் தனியாக அரைத்துத் தருவார்கள் என்பதால் ஆறு நாள் போய்விட்டது, அந்த வாரம் பார்த்து ஷிரோக்கோ காற்று வேறு அனலாக அடித்தது. ஆறாம் நாள் சாக்குக்குள் கையை விட்டேன். சோற்றுப் பானையைத் தொட்ட மாதிரி வெதுவெதுப்பு. அடியில் இருந்த காய்கள் நசுங்கி, சாறு கசிந்து, புளித்த கள்ளின் வாசம். ஆலைக்காரர் முகர்ந்து பார்த்து ‘ரிஸ்கால்தோ’ என்றார், சூடேறிவிட்டது என்று அர்த்தம். எண்ணெயிலும் அதே வாசம்தான் இருந்தது, ஒரு வருடம் முழுக்க.

பறித்த பிறகும் காய் மூச்சுவிடுகிறது, மூச்சுவிட்டால் சூடு வரும், குவியலில் அந்தச் சூட்டுக்குப் போக வழி இல்லை. தோல் கிழிந்ததும் காயின் நொதிகள் எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பமிலமாக்கும். காற்றுப் போகாத இடத்தில் ஈஸ்ட் புளிக்க வைக்கும், கள் வாசமும் வினாகிரி வாசமும் அதிலிருந்துதான்.

சரி, இந்த வருடம். அக்டோபர் நடுவில் ஒரே மரத்தில் எட்டு கிலோ பறித்து, ஈ குத்திய காய்களை ஒதுக்கிவிட்டு, இரண்டிரண்டு கிலோவாகப் பிரித்தேன். ஒன்றை அன்றிரவே அரைத்தேன். ஒன்று ஓட்டை போட்ட பெட்டியில், இரண்டு காய் உயரத்துக்கு மேல் போகாமல், பால்கனி நிழலில். ஒன்று தடித்த பிளாஸ்டிக் பையில் வாயைக் கட்டி அதன் பக்கத்திலேயே. கடைசி, குளிர்சாதனப்பெட்டியில் 5 டிகிரியில். இந்த மூன்றுக்கும் ஆறு நாள்.

மூன்றாம் நாளே பையின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஐந்தாம் நாள் காம்பு இருந்த இடங்களில் வெள்ளையாகப் பூஞ்சை. பெட்டிக் காய் தோல் சுருங்கி 1,870 கிராமாகக் குறைந்தது, ஆனால் கெட்ட வாசம் இல்லை. குளிரில் இருந்தது பறித்த அன்று போலவே கெட்டியாக இருந்தது.

அரைப்பது கிரைண்டரில்தான். விழுதை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, 27 டிகிரி தாண்டாமல் முக்கால் மணி நேரம் கிண்டி, துணியில் பிழிந்து, தெளிய விட வேண்டும். கை வலிக்கும். முதல் தொகுதியில் 150 மில்லி, பெட்டிக் காயில் 160. வைத்திருந்தால் எண்ணெய் கூடும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வது இதனால்தான் போலிருக்கிறது. கூடுவது எண்ணெய் இல்லை. தண்ணீர் வற்றிக் காயின் எடை குறைகிறது, சதை இளகுவதால் எண்ணெய் சுலபமாகப் பிரிகிறது, அவ்வளவுதான். ரோமாபுரியில் விவசாய நூல் எழுதிய கேட்டோ கிட்டத்தட்ட 2,200 வருடத்துக்கு முன்பே, பரணில் கிடக்கும் காயில் எண்ணெய் வளரும் என்று நம்பாதே, சீக்கிரம் பிழி என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அமிலத்தையும் அளந்தேன். பத்து கிராம் எண்ணெயை எரிசாராயத்தில் கலந்து, நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க, இளஞ்சிவப்பு நிற்கும் இடத்தில் கணக்கு. அன்றே அரைத்தது 0.3 சதவீதம், குளிரில் இருந்தது 0.3, பெட்டி 0.5, பை 2.1. எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற முதல் தர எண்ணெய்க்கு 0.8 வரைதான் அனுமதி. 2 தாண்டினால் ‘லம்பாந்தே’, விளக்கில் எரிக்கும் எண்ணெய் என்றுதான் பெயர், அப்படியே சாப்பாட்டுக்கு விற்க முடியாது.

ஆனால் எண் மட்டும் போதாது. பெட்டி எண்ணெய் 0.5தான் என்றாலும், புல் வெட்டிய வாசம் போய்விட்டது, கசப்பும் தொண்டைக் காரமும் பாதியாகிவிட்டன. குளிரில் இருந்ததிலும் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அதைத் தாராளமாக மேசையில் வைக்கலாம். அமிலத்தை நாக்கு கண்டுபிடிக்காது, வாசத்தை மூக்கு விடாது.

இதைப் பார்த்த பிறகு முதலில் ஆலையில் நேரம் வாங்கினேன், அப்புறம்தான் ஏணியை எடுத்தேன். நவம்பர் முதல் ஞாயிறு மச்சானும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள், காலை ஆறரைக்குத் தொடங்கி மாலை நாலுக்குள் 168 கிலோ, எல்லாம் பெட்டியில், ஒரு சாக்கும் இல்லை. ஏழு மணிக்கு ஆலை. 24 லிட்டர் வந்தது. குழாயடியிலேயே மச்சான் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார், இரண்டு தரம் இருமினார், உடனே தன் பங்குக்கு இன்னும் ஒரு கேன் கேட்டார்.