சிக்குப்பலகையும் பில் கட்டும்

ஜூலை 3, வியாழன்

காலையில் முகம் கழுவக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. இடது பக்கம் காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டை வரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அம்மா நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். "சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட போயிட்டு வந்துடலாமாடி?" என்றார். கழுத்தை வெடுக்கென்று திருப்பிவிடுவாரோ என்று பயம். வேண்டாம் என்றுவிட்டேன்.

லீவு போடவில்லை. கடைக்காரர்களின் மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு 11ஆம் தேதி கடைசி. எங்கள் அலுவலகத்தில் மாதத்தின் முதல் பத்து நாள் யாரும் லீவு கேட்பதில்லை. கடைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன பில் கட்டுகள் மேஜை முழுக்கக் கிடக்கின்றன. வழக்கமாக நாளுக்கு முந்நூறு பில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன். இன்று 190.

ஜூலை 8, செவ்வாய்

இன்றிலிருந்து இரண்டு எண்களை எழுதி வைக்கப் போகிறேன். வலி பத்துக்கு எவ்வளவு, ஏற்றிய பில் எத்தனை.

வலி 6, பில் 215. நாள் முழுக்க நாற்காலியில்தான் இருந்தேன், வருகைப் பதிவேட்டிலும் முழு நாள்தான். ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தடவை எழுந்து கழுத்தைப் பிடித்துவிட்டேன். ஏற்றிய பில்லையே மறுபடி பார்த்தேன். இந்த நேரமெல்லாம் எங்கேயும் பதிவாவதில்லை.

ஜூலை 14, திங்கள்

11ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு எல்லாம் தாக்கல் செய்துவிட்டோம். இன்று ஒரு பாத்திரக் கடைக்காரர் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். 81,450 ரூபாய் பில்லை நான் 18,450 என்று ஏற்றியிருக்கிறேன். வரி கட்டும் கணக்கான 3பி இன்னும் போடாததால், 1ஏ என்ற திருத்தப் படிவத்தில் திருத்திவிட்டேன். ஆனாலும் பொருள் வாங்கியவருக்கு அந்தத் திருத்தம் அவருடைய கொள்முதல் பட்டியலான 2பியில் அடுத்த மாதம்தான் தெரியும். வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் அந்த வரிக்கழிவுக்கு அவர் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும். என் கழுத்துக்காக முன்பின் தெரியாத ஒருவருடைய பணம் ஒரு மாதம் நிற்கிறது. மனசு கேட்கவில்லை.

பதினோரு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். எண்ணை முன்பின் மாற்றிப் போட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஜூலை 16, புதன்

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த பெண் முதலில் கழுத்தைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். கை மரத்துப் போகிறதா? பிடித்த பொருள் நழுவுகிறதா? நடக்கும்போது தள்ளாடுகிறதா? காய்ச்சல் உண்டா? எதுவும் இல்லை என்றேன். "இதுல எது வந்தாலும் அன்னைக்கே வந்துடணும்க்கா, தள்ளிப் போடாதீங்க" என்றார். அப்புறம், "எப்படி உட்கார்ந்து வேலை செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். மேஜையில் ஒரு நோட்டைப் போட்டு பில் ஏற்றுவதுபோல் செய்து காட்டினேன்.

பார்த்துக்கொண்டே இருந்தவர், "கம்ப்யூட்டர் இல்லக்கா, அந்த பில்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், ஆமாம். பில் கட்டு விசைப்பலகைக்கு இடது பக்கம் படுத்துக் கிடக்கும். ஒரு பில்லுக்கு ஜிஎஸ்டி எண், பில் எண், தொகை என்று குறைந்தது மூன்று தடவை குனிந்து இடது பக்கம் திரும்பி, அப்புறம் திரையைப் பார்க்க நிமிர்கிறேன். முந்நூறு பில்லுக்குத் தொள்ளாயிரம் தடவை. வலியும் இடது பக்கம்தானே!

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 2014இல் ஓர் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் கணினி மாதிரியை வைத்துக் கணக்கிட்டதில், தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் சுமை 27 கிலோ அளவுக்குப் போகிறது. ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ.

ஜூலை 19, சனி

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்று இருந்தது. 38 வயதில் தேய்மானமா என்று அம்மா அழாத குறை. எனக்கும் நேற்று ராத்திரி தூக்கமே இல்லை.

இன்று அந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். "வயசு ஏற ஏற முடி நரைக்கிற மாதிரிதான்க்கா" என்றார். வந்து தேடிப் படித்தேன். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஆய்வு. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து எலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி இருந்தது, இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது.

ஜூலை 22, செவ்வாய்

பில்லை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு கேட்டேன். "எல்லாருக்கும்தாம்மா கழுத்து வலிக்குது" என்றார் சார். அவர் சொன்னது உண்மை. செல்வி அக்கா டிராயரில் கோடாலித் தைலம் இருக்கிறது, கடைசி மேஜைத் தம்பி ஒரு வருஷமாகக் காலர் போடுகிறான். எல்லோருக்கும் வலிக்கிறது என்றால் அதுதானே முதலில் பார்க்க வேண்டிய விஷயம். அப்போது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

பரணில் தாத்தாவின் சிக்குப்பலகை இருந்தது. புராணம் வாசிக்கும்போது அவர் புத்தகத்தை வைத்துக்கொள்ளும் மடக்குப் பலகை. விரித்தால் இரண்டு கைகளைக் குவித்து ஏந்தியதுபோல் நிற்கும். ஓரத்தில் எண்ணெய்க் கறை, அவருடைய கட்டைவிரல் பட்டு வழவழப்பான ஓர் இடம். துடைத்து எடுத்துப் போனேன். திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் வைத்து, பில் கட்டைக் கிளிப் போட்டுச் சாய்த்தேன். திரைக்கு அடியில் இரண்டு பழைய பேரேடு. இப்போது கண்தான் இறங்குகிறது, கழுத்து இறங்குவதில்லை.

வலி 4, பில் 260.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரப்பர் பட்டைப் பயிற்சி ஆரம்பித்து இரண்டு வாரம். பட்டையை மிதித்துக்கொண்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்க வேண்டும், நாளுக்கு இரண்டு நிமிஷம். இவ்வளவு போதுமா என்று சந்தேகமாக இருந்தது. 2011இல் டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 பேரை வைத்துப் பத்து வாரம் பார்த்திருக்கிறார்கள். தினம் இரண்டு நிமிஷம் செய்தவர்களுக்கும் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. சரி, எனக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. செல்வி அக்காவும் நேற்றிலிருந்து என்னோடு செய்கிறார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்றோடு தாக்கல் முடிந்தது. இன்று நோட்டை சாரிடம் காட்டினேன். ஜூலையில் வலி 6, 7 இருந்த நாட்களில் 190, 215, 205. ஆகஸ்டில் வலி 2, 3 இருந்த நாட்களில் 290, 310, 305. தப்பான எண் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கத்தை இரண்டு தடவை பார்த்தார். எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, பலகையில் இருந்த பில்லைப் படித்து ஏற்றிப் பார்த்தார். அப்புறம் தம்பியின் மேஜைக்குப் போய் அங்கேயும் ஒரு பில்.

"அந்தப் பலகை எங்கம்மா கிடைக்கும்?" என்றார்.

கடையில் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. சாயங்காலம் எங்கள் தெரு ஆசாரியிடம் எடுத்துப் போனேன். ஒரே பலகையில் அறுத்த மடக்கு, ஆணியே கிடையாது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு வேண்டும் என்றேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்.