வயலுக்குப் போகிற நாள்

"உப்பு வேணுமா, வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க நர்சம்மா" என்று பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் அந்த அக்கா கேட்டார். நான் சொன்ன பதில் தவறு என்று இன்றும் தோன்றவில்லை. ஆனால் மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு திங்களும் அந்தப் பேச்சு மனதில் வந்து நிற்கிறது.

கத்திரி வெயில். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கோடைப் பருத்திக்குக் களை கொத்திக்கொண்டிருந்த நேரம். தலை சுற்றுகிறது, கெண்டைக்காலில் குரக்களி இழுக்கிறது என்று உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் களைக்கொத்தும் கையுமாக வந்தார். வழக்கமாக மேல் பிரஷர் 150-க்குக் கீழே இறங்காதவருக்கு அன்று 106. டாக்டர் பார்த்துவிட்டு ஓஆர்எஸ் கலந்து கொடுக்கச் சொன்னார். உப்பில் இருக்கும் சோடியம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பதென்றால் ரத்தம் எடுத்து வெளியே அனுப்ப வேண்டும். அவரோ அரை நாள் கூலி போய்விடும் என்று அப்போதே எழுந்திருக்கப் பார்த்தார்.

ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதுல உப்பு கெடக்குது."

"ஆமாக்கா, இருக்கும்."

"உப்பைக் குறைன்னு சொல்லிட்டு நீங்களே உப்புத் தண்ணி கொடுக்குறீங்களே?"

விசாரித்தால், நான் சொன்ன நாளிலிருந்து காலையில் குடிக்கும் நீராகாரத்தில்கூட உப்புப் போடுவதில்லையாம். நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத்தான் எல்லோரிடமும் சொல்கிறோம். பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய் அன்று மதியமே கருவாடு சாப்பிடுவார்கள். சொன்னதை அப்படியே கேட்ட ஒருவர் எனக்கு எதிரே மயக்கமாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. அவர் நோட்டைப் பார்த்தேன். பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை மட்டும்தான், நீர் பிரியும் மாத்திரை இல்லை, சிறுநீரகக் கோளாறு இல்லை. பார்த்த பிறகுதான் சொன்னேன்: "வயலுக்குப் போற நாள் நீராகாரத்துல ஒரு சிட்டிகை போட்டுக்குங்க. வீட்ல இருக்குற நாள் வேண்டாம்." இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவர் ஐந்து விரலையும் குவித்து "இவ்ளோவா?" என்றார். களை பிடுங்கிப் பச்சைக் கறை ஏறிய விரல்கள். இல்லை, இரண்டு விரல் என்று திரும்பவும் காட்டினேன்.

சிரித்தார். "நான் வீட்ல இருக்குற நாளே இல்லையே நர்சம்மா." பருத்தி முடிந்தால் நூறு நாள் வேலை, ஆற்றில் தண்ணி வந்தால் நடவு. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பதிவேட்டில் அவருடைய தொழில் 'இல்லத்தரசி'.

என் பக்கத்து நியாயம் இது. வெயிலில் உடம்பு 37 டிகிரியை ஒட்டியே நிற்க வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். கடல் காற்றில் ஈரம் நிறைந்த நம் ஊரில் பாதி வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. சூடு இறங்குவதில்லை, நீரும் உப்பும் மட்டும் போகின்றன. அதற்கு வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் லிட்டருக்கு 135-இலிருந்து 145 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டிய சோடியம் நீர்த்துப்போகும். ஆகவே ஒரு சிட்டிகை. சரிதானே?

ஆனால் பயிற்சியில் படித்த இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஓரிரு வாரம் வெயிலில் பழகிய உடம்பு, அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து வியர்வையிலிருந்தே உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து வயலில் நிற்பவருக்கு இந்தப் பாடத்தை நான் நடத்த வேண்டியதில்லை, அவர் உடம்புக்கே தெரியும். குரக்களிக்குத் தசைக் களைப்பும் காரணமாக இருக்கலாம். பிரஷர் இறங்கியதற்கு வேறு காரணமும் இருக்கிறது: சூட்டை வெளியே தள்ளத் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அம்லோடிபினும் குழாயை விரிக்கிறது. அப்படியானால் உப்பைப் பற்றி நான் பேசியிருக்கவே வேண்டாமோ?

ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் சோடியம் 75 மில்லிமோல். சாப்பாட்டு உப்பாக மாற்றினால் ஏறத்தாழ 4.4 கிராம். ஒரே பாக்கெட்டில் அந்த நாளின் அளவு முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிடுகிறது! அதைக் கொடுத்ததற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. இரண்டு விரல் உப்புக்குத்தான் இவ்வளவு யோசனை.

டாக்டரிடம் அன்றே சொன்னேன். "சொன்னது தப்பில்லம்மா, எல்லார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. களை கொத்தும் ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த வாரமே "நர்சம்மா உப்புப் போட்டுக்கச் சொல்லிட்டாங்க" என்று ஊருக்குள் பேச்சு. வயலுக்குப் போகிற நாள், இரண்டு விரல் எல்லாம் வரப்பிலேயே உதிர்ந்துவிட்டன. இருதய பலவீனத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவர் கால் வீங்கி வந்தார். அவர் வயலுக்கே போகாதவர். உப்பினாலா, பத்து நாளாக மாத்திரை போடாததாலா? இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த அக்காவுக்கு ஆடியில் பிரஷர் 158. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உப்பு கூடினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளி ரத்தத்தில் அளவைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் சிலருக்கு அப்படித் தள்ளப் பிரஷர் ஏறியாக வேண்டும், கடைமடைக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால் மேலே ஆற்று மதகான ரெகுலேட்டரில் மட்டம் உயர வேண்டியிருக்கிற மாதிரி. உள்ளே எல்லாம் சமநிலையில் இருக்கிறது என்று வகுப்பில் படித்தபோது, ஒன்று நிலையாக நிற்க இன்னொன்று ஏறும் என்பது எனக்கு இவ்வளவு உறைத்ததில்லை. அன்று வயலில் விழாமல் இருப்பதா, பத்து வருஷம் கழித்துப் பக்கவாதம் வராமல் இருப்பதா என்பது அவர் கேள்வியில் இருந்தது. நான் அன்றைக்கு மட்டும் பதில் சொன்னேனோ என்னவோ. அன்றைக்குப் பதில் சொல்லாமல் பத்து வருஷத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அதுவும் என்ன நியாயம்?

இந்த வருஷமும் கத்திரிக்கு முன்னால் வந்தார். அதே இரண்டு விரலைத்தான் காட்டினேன். வெயில் நேரத்தில் மயக்கம் வராமலிருக்க மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதன் வேலை ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும், நேரம் மாற்றிப் பெரிதாகப் பயனில்லை என்றார். அளவைக் குறைக்கலாமா என்றதற்கு, ஒரு வாரம் தினமும் வயலிலிருந்து திரும்பும்போது பிரஷர் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அவர் வயலிலிருந்து திரும்பும் நேரத்தில் எங்கள் வெளிநோயாளிப் பிரிவு மூடியிருக்கும். மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலரிடம் கருவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.